மத நிந்தனை, அவதூறு, அரசியலமைப்பு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களிலும் மன்னாரின் பெருநிலப் பகுதியிலும் கோயில் பரிபாலன சபைகள், மாதர் சங்கங்கள், இளைஞர் கழகங்கள் ஆகியவற்றின் கூட்டங்களில் பேச்சுச் சுதந்திரம் பற்றிய உரையாடல் எழும்போதெல்லாம் சில கேள்விகள் தவறாமல் வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இவை பொது விளக்கங்களே. வழக்கொன்றை நேரடியாக எதிர்கொள்பவர் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறவேண்டும்.

இலங்கையில் மத நிந்தனைக்கென்று ஒரு சட்டம் இருக்கிறதா?

அந்தப் பெயரில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் மதம் தொடர்பான குற்றங்களுக்கென ஓர் அத்தியாயம் உண்டு. வழிபாட்டிடத்தையோ புனிதமாகக் கருதப்படும் பொருளையோ மதத்தை அவமதிக்கும் நோக்கத்துடன் சேதப்படுத்துவது 290ஆம் பிரிவின் கீழ் குற்றம். சட்டபூர்வமாகக் கூடி வழிபடுபவர்களைக் குழப்புவது 291ஆம் பிரிவின் கீழ் குற்றம். பின்னாளில் சேர்க்கப்பட்ட 291அ, 291ஆ என்னும் பிரிவுகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை. முன்னையது, ஒருவருடைய மத உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட நோக்கத்துடன் சொல்லப்படும் சொல்லை ஓராண்டு வரையான சிறைத்தண்டனைக்கு உரியதாக்குகிறது. பின்னையது, ஒரு பிரிவினரின் மத உணர்வைக் கொதிப்படையச் செய்யும் தீய நோக்குடன் அவர்களின் மதத்தை அவமதிப்பதற்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது.

இவற்றுக்கு மேல் மூன்று சட்டங்கள் நிற்கின்றன. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, சமூகங்களுக்கிடையே பகைமை உணர்வை ஏற்படுத்தும் சொற்களையும் பயங்கரவாதக் குற்றமாக்கியது. குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் 2007இல் வந்தது. 2024இல் வந்த 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், மத உணர்வைப் புண்படுத்தும் குற்றத்தை இணையத்தில் வெளியிடப்படும் பொய்யான கூற்றுகளுக்கென மீண்டும் ஒருமுறை எழுதி வைத்தது. ஆக, ஒரே பதிவுக்காக ஒருவரை நான்கு வாசல்களால் உள்ளே அழைத்துச் செல்லலாம். எந்த வாசலால் அழைத்துச் செல்வது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிதான்.

நம் கடவுளை இழிவாகப் பேசுபவரைத் தண்டிக்கவேண்டாமா? இதில் திருத்த என்ன இருக்கிறது?

இக்கேள்வியைக் கேட்பவரின் மனவேதனை உண்மையானது. அதை அற்பமாகக் கருதி யாரும் பதில் சொல்லக்கூடாது. ஆனால் சட்டம் எதைக் காப்பாற்ற முடியும், எதைக் காப்பாற்ற முடியாது என்பதைப் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். கோயிலின் சுவரையும் மூலவரின் திருவுருவையும் பூசையில் நிற்கும் மனிதர்களையும் சட்டத்தால் காக்க முடியும். அவற்றுக்கு நேர்ந்த சேதத்தைக் கண்ணால் காணலாம், சாட்சி வைத்து நிறுவலாம், நட்டத்தை அளவிடலாம். புண்பட்ட உணர்வுக்கு அப்படியோர் அளவுகோல் கிடையாது. தான் புண்பட்டதாக எத்தனை பேர் எவ்வளவு உரத்துச் சொல்கிறார்கள் என்பதே அங்கே அளவாகிவிடுகிறது. எனவே இத்தகைய பிரிவு தொகையிலும் அதிகாரத்திலும் கூடியவர்களின் கையில் ஆயுதமாகவும், மற்றவர்களின் கைக்கு எட்டாத பொருளாகவும் மாறுவது தற்செயலானதல்ல.

இதன் எல்லை எங்கே போய் முடியும் என்பதற்குப் பாகிஸ்தான் சான்று. அங்குள்ள தண்டனைச் சட்டக்கோவை நேரடியாகவும், நம்முடையது அதை முன்மாதிரியாகக் கொண்டும், 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து பிறந்தவை. அங்கே இறைத்தூதரை நிந்திப்பதற்கு மரணதண்டனை வரை விதிக்கப்படலாம் என்று 1980களில் எழுதப்பட்டது. 2021 டிசெம்பரில் சியால்கோட் நகரில் தொழிற்சாலையொன்றின் முகாமையாளராக இருந்த இலங்கையர் ஒருவர், மதச் சுலோகம் எழுதிய ஒட்டியொன்றை அகற்றினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். அந்தக் கும்பலுக்கு நீதிமன்றம் தேவைப்படவில்லை. நிந்தனை என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுத்திருந்த கனமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆகவே 290ஆம், 291ஆம் பிரிவுகளைக் காப்பாற்றி, அவற்றை எல்லா மதத்தவர்க்கும் ஒரே கையால் பிரயோகிக்கவேண்டும் என்பதும், 291அ பிரிவை முற்றாக நீக்கி, 291ஆ பிரிவை வன்முறைக்கோ பாகுபாட்டுக்கோ தூண்டும் பேச்சுக்கு மட்டும் என்று சுருக்கவேண்டும் என்பதுமே இப்பக்கத்தின் நிலைப்பாடு.

வன்னியில் எங்கள் கோயில்களுக்கு நேர்ந்தவற்றுக்கு இந்தப் பிரிவுகள் ஏன் உதவவில்லை?

இக்கேள்வியே இங்கு மிகக் கடுமையாகக் கேட்கப்படுகிறது, நியாயமாகவும் கேட்கப்படுகிறது.

வவுனியா வடக்கில் ஒலுமடுவை அண்டிய வெடுக்குநாறிமலை ஆதிலிங்கேசுவரர் ஆலயத்தின் விக்கிரகங்கள் 2023 மார்ச்சில் உடைத்தெறியப்பட்டுக் கிடந்தன. 290ஆம் பிரிவை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்திருக்கக்கூடிய குற்றம் இதைவிட வேறெதுவாகவும் இருக்க முடியாது. அடுத்த ஆண்டு மார்ச் 8ஆம் திகதி, மகா சிவராத்திரி இரவில், அதே மலையில் வழிபட்டுக்கொண்டிருந்தவர்களுள் எட்டுப் பேர் கைதுசெய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். மார்ச் 19ஆம் திகதி வவுனியா நீதவான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வழிபாட்டைக் குழப்புவது குற்றம் என்று சொல்லும் 291ஆம் பிரிவு அந்த இரவில் எங்கே இருந்தது என்று ஒரு தாய் கேட்டால், அதற்குச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்ல நேர்மையான பதில் எதுவும் இல்லை.

முல்லைத்தீவு நாயாற்றில் நீராவியடிப் பிள்ளையார் ஆலயச் சூழலில் 2019 செப்டெம்பரில் நடந்ததையும் நினைவுகூரவேண்டும். இறந்துபோன பௌத்த பிக்கு ஒருவரின் உடலை அங்கே தகனம் செய்யக்கூடாது என்ற கட்டளை நீதிமன்றத்திலிருந்து வந்தபின்னரும், ஆலயத்தின் தீர்த்தக்கேணியை அண்டிய இடத்தில் தகனம் நடந்தது. குருந்தூர்மலையில் பௌத்த விகாரைக் கட்டுமானங்களை நிறுத்துமாறு முல்லைத்தீவு நீதிமன்றம் 2022இல் இட்ட கட்டளைகள் மீறப்பட்டதாக மீண்டும் மீண்டும் முறையிடப்பட்டது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ரி. சரவணராஜா, தமக்கு உயிர் அச்சுறுத்தல் இருப்பதாகக் கூறி 2023 செப்டெம்பரில் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார்.

இந்தச் சம்பவங்களைப் பார்த்துவிட்டு, இன்னும் கடுமையான மத நிந்தனைச் சட்டம் வேண்டும் என்ற முடிவுக்குச் சிலர் வருகிறார்கள். அந்த முடிவை ஏற்க முடியவில்லை. இருந்த சட்டம் மென்மையாக இருந்ததால் இவை நடக்கவில்லை. யார் முறையிட்டார், யார்மீது முறையிட்டார் என்பதைப் பொறுத்துச் சட்டம் எழுந்ததும் உறங்கியதுமே காரணம். அப்படி இயங்கும் ஓர் ஏற்பாட்டுக்கு மேலும் கூர்மையான பிரிவொன்றைக் கொடுத்தால், அதன் கூர்முனை முதலில் திரும்பும் திசை வன்னியாகத்தான் இருக்கும். நமக்கு வேண்டியது சட்டத்தின் முன் சமத்துவத்தை உறுதிசெய்யும், அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரைக்கு உயிர் கொடுக்கும் வழிகள்: முறைப்பாடு கிடைத்ததும் விசாரணை தொடங்கவேண்டிய கடப்பாடு, தொடங்காவிட்டால் எழுத்தில் காரணம் கூறவேண்டிய கடப்பாடு, நீதிமன்றக் கட்டளை மீறப்பட்டால் அதை மீற விட்ட அதிகாரியே தனிப்பட்ட முறையில் பதில் சொல்லவேண்டிய நிலை.

பிரச்சினை வருவது மற்ற இனத்தவரிடமிருந்து மட்டும்தானா?

இல்லை. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முந்தைய நாள், மன்னார் மாந்தையில் திருக்கேதீச்சர ஆலயத்துக்குச் செல்லும் வீதியின் அலங்கார வளைவு பிடுங்கி எறியப்பட்டபோது, இரு தரப்பிலும் நின்றவர்கள் தமிழர்களே: ஒரு பக்கம் சைவர், மறுபக்கம் கத்தோலிக்கர். நந்திக்கொடி மிதிபட்ட காட்சி பலரின் கைத்தொலைபேசிகளில் சுற்றியது. பொருளைப் பிடுங்கியது சட்டத்தின் கீழ் விசாரிக்கப்படவேண்டிய செயல் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க இடமில்லை. ஆனால் அதையடுத்த வாரங்களில் முகநூலில் இரு மதங்களைப் பற்றியும் எழுதப்பட்ட அத்தனை கசப்பான சொற்களுக்கும் 291அ பிரிவின் கீழ் வழக்குப் போடுவதென்றால் மன்னாரில் பாதிப் பேரை நீதிமன்றத்தில் நிறுத்தவேண்டியிருந்திருக்கும். கைவைத்தவரையும் வாய்பேசியவரையும் சட்டம் வேறுபடுத்திப் பார்க்கவேண்டும் என்பதற்கு நம் வீட்டுக்குள்ளேயே உள்ள சான்று இது.

சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் வந்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் மனித உரிமையைக் காக்கும் சட்டமல்லவா? அதை ஏன் குறைகூறுகிறீர்கள்?

பெயரில் அப்படித்தான் இருக்கிறது. இலங்கை அந்தச் சமவாயத்தில் 1980இல் இணைந்தது. அதன் 20ஆம் உறுப்புரை, பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டுதலாக அமையும் தேசிய, இன, மத வெறுப்புப் பிரசாரத்தைச் சட்டத்தால் தடுக்கவேண்டும் என்கிறது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இவ்வாசகத்தைக் கொண்டுவந்தது. ஆனால் பேச்சுரிமையைக் காக்கும் 19ஆம் உறுப்புரை அதன் பக்கத்தில் வரவில்லை. தண்டனையோ பத்தாண்டு வரையான கடூழியச் சிறை. எல்லாவற்றையும்விடப் பாரதூரமானது, பிணையை மேல் நீதிமன்றம் மட்டும், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும் வழங்கலாம் என்ற விதியாகும்.

அதன் விளைவு என்னவென்று பார்ப்போம். 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் ஒருவர், பௌத்த மடாலய வாழ்வைத் தொடும் ஒரு சிறுகதைக்காகக் கைதாகி ஓகஸ்ட் வரை சிறையிலிருந்தார். இறுதியில் சட்டமா அதிபர் அவர்மீது வழக்குத் தொடரவில்லை. அதே ஆண்டு மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண், அவருடைய ஆடையில் இருந்த கப்பலின் சுக்கான் சக்கரம் தர்மச்சக்கரமாகக் கருதப்பட்டதால் கைதானார். 2020 ஏப்ரலில், முஸ்லிம்களுக்கெதிரான வெறுப்பைக் கருத்தால் எதிர்கொள்ளவேண்டும் என்று முகநூலில் எழுதிய ஓய்வுபெற்ற அரச அலுவலர் ஒருவர், ‘ஜிஹாத்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியதற்காக ஐந்து மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். அவருடைய பேச்சுரிமையும் தன்னிச்சையான கைதிலிருந்து விடுபடும் உரிமையும் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதே 2023இல் மே மாதம் கைதான நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் ஐந்து வாரங்களுக்குப் பின்னரே பிணையில் வந்தார்.

இவர்களுள் யாரும் இச்சட்டத்தின் கீழ் குற்றவாளியாகக் காணப்படவில்லை. ஆனாலும் எல்லோரும் தண்டனை அனுபவித்தார்கள், ஏனென்றால் கைதும் விளக்கமறியலுமே இச்சட்டத்தின் உண்மையான தண்டனை. எனவே திருத்தம் தொடங்கவேண்டிய இடம் தண்டனை ஆண்டுகளின் எண்ணிக்கையன்று, பிணை விதியும் கைதுசெய்யும் அதிகாரமும் ஆகும்: நீதவானுக்கே பிணை வழங்கும் அதிகாரம் வேண்டும், சட்டமா அதிபரின் எழுத்துமூல அனுமதி கிடைக்காமல் பேச்சு ஒன்றுக்காக எவரும் கைதுசெய்யப்படக்கூடாது.

வன்னியைச் சேர்ந்தவர்கள் எவரும் இவ்வாறு பாதிக்கப்பட்டார்களா?

ஆம். மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த இளம் கவிஞரும் ஆசிரியருமான ஒருவர், தமிழில் வெளியிட்ட கவிதை நூலில் தீவிரவாதம் இருப்பதாகக் கூறி 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார். 2021 டிசெம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழ்க் கவிதையொன்றின் பொருளைத் தமிழ் அறியாத விசாரணையாளர்கள் தீர்மானிக்கப் புகுந்ததன் விலை, ஓர் இளைஞனின் வாழ்க்கையில் மூன்றரை ஆண்டுகள். அதற்கு முன், 2009இல், தமிழ் ஊடகவியலாளர் ஜெ. எஸ். திசைநாயகத்துக்கு, போர்க்காலத்தில் எழுதிய கட்டுரைகளுக்காக இதே சட்டத்தின் கீழும் அவசரகால விதிகளின் கீழும் இருபது ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. இனங்களுக்கிடையே பகைமையை மூட்டினார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டுகளுள் ஒன்று என்பதை மறந்துவிடலாகாது.

அரசியலமைப்பு பேச்சுரிமையைத் தருகிறதே, பிறகு இந்தச் சட்டங்கள் எப்படிச் செல்லுபடியாகின்றன?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எவ்விதக் கட்டுப்பாடும் இன்றித் தருகிறது. 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது. ஆனால் 15(2) உறுப்புரை இன, மத நல்லிணக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் முதலியவற்றுக்காக அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்கிறது. அந்த மட்டுப்பாடு அவசியமானதா, அளவுக்கு மீறியதா என்ற உரைகல் உறுப்புரையின் வாசகத்தில் இல்லை. சனநாயக சமூகமொன்றில் அவசியமான அளவுக்கு மட்டும் என்ற சொற்கள் அங்கே சேர்க்கப்படவேண்டும்.

இதைவிட ஆழமான தடை 16(1) உறுப்புரையில் இருக்கிறது. அரசியலமைப்பு வந்தபோது ஏற்கெனவே நடைமுறையில் இருந்த எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டங்கள் யாவும், அடிப்படை உரிமைகளுடன் முரண்பட்டாலும், செல்லுபடியாகும் என்று அது சொல்கிறது. 1883ஆம் ஆண்டுக் குடியேற்றக்காலச் சட்டம் 1978ஆம் ஆண்டின் உரிமைகளுக்கு மேலே நிற்பதற்கு அனுமதி வழங்கியது அரசியலமைப்பே. 1978க்குப் பின் வந்த சட்டங்களின் நிலையும் அதிகம் வேறல்ல: சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றதிலிருந்து குறித்த குறுகிய காலத்துக்குள் எவரேனும் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றால் மட்டுமே அதன் அரசியலமைப்புத் தகுதி ஆராயப்படும். சபாநாயகர் சான்றுப்படுத்திய பின்னர் எந்த நீதிமன்றமும் அதைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்கிறது 80(3) உறுப்புரை. இந்தியாவில் இணையப் பேச்சைக் குற்றமாக்கிய தகவல் தொழினுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் செல்லாது என்று நீக்கியது போன்ற ஒரு தீர்ப்பு, இன்றைய நிலையில் இலங்கையில் வரவே முடியாது.

தண்டனைச் சட்டக்கோவையின் ஓரிரு பிரிவுகளைத் திருத்துவதோடு நின்றுவிட்டால், அடுத்த பாராளுமன்றம் அவற்றை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவரும். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் நடந்தது அதுவே. ஆதலால் 16(1) உறுப்புரையை நீக்குவதும், நிறைவேறிய சட்டங்களையும் மீளாய்வு செய்யும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருவதும் இச்சீர்திருத்தத்தின் அடித்தளம்.

பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9ஆம் உறுப்புரையை மாற்றாமல் இதைச் செய்ய முடியுமா?

முடியும். 9ஆம், 10ஆம் உறுப்புரைகளை மாற்றுவதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்கிறது 83ஆம் உறுப்புரை. 16ஆம் உறுப்புரை அந்தப் பட்டியலில் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையையும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தையும் திருத்துவதற்குச் சாதாரண பெரும்பான்மையே போதும்.

அயர்லாந்தின் நிலை நம்முடையதைவிடக் கடினமாக இருந்தது. அங்கே தெய்வ நிந்தனையைக் குற்றமாக்கவேண்டும் என்று அரசியலமைப்பே கட்டளையிட்டிருந்தது. அதை நிறைவேற்ற 2009இல் அவதூறுச் சட்டத்தில் 25,000 யூரோ வரை தண்டம் விதிக்கும் பிரிவு சேர்க்கப்பட்டது. 2018 ஒக்டோபரில் நடந்த மக்கள் தீர்ப்பில் ஏறத்தாழ 65 வீதமானோர் அந்தச் சொல்லை அரசியலமைப்பிலிருந்து நீக்க வாக்களித்தனர். கத்தோலிக்க மரபு ஆழ வேரூன்றிய நாடு அது. நம் அரசியலமைப்பு எந்த இடத்திலும் நிந்தனையைக் குற்றமாக்கும்படி கட்டளையிடவில்லை, அனுமதிக்க மட்டுமே செய்கிறது. 9ஆம் உறுப்புரை பற்றிய நியாயமான விவாதம் 1972இலிருந்து நடக்கிறது, இனியும் நடக்கவேண்டும். ஆனால் அது முடியும்வரை இது காத்திருக்கவேண்டியதில்லை.

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் சிறுபான்மையினருக்கு எதிரான வெறுப்புப் பேச்சு பெருகாதா?

இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனவிலும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறைக்கு முன் பேச்சு வந்தது. ஆனால் 2007ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் புத்தகத்தில் இருந்தது. பொது பல சேனா என்னும் பௌத்த அமைப்பின் பொதுச் செயலாளர் கலகொட அத்தே ஞானசார தேரர் 2016இல் இஸ்லாத்தைப் பற்றிக் கூறிய சொற்களுக்காகக் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுச் சிறை விதித்தது 2024 மார்ச்சில். எட்டு ஆண்டுகள். கவிஞரையோ முகநூலில் எழுதியவரையோ கைதுசெய்ய அவ்வளவு காலம் தேவைப்படவில்லை.

ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் 2012இல் உருவான ரபாட் செயற்திட்டம் இந்த வேறுபாட்டை நேராக்க ஆறு கேள்விகளைத் தருகிறது: பேச்சு நிகழ்ந்த சூழல் என்ன, பேசியவரின் செல்வாக்கு என்ன, அவருடைய நோக்கம் என்ன, உள்ளடக்கமும் வடிவமும் எத்தகையவை, அது எவ்வளவு தூரம் பரவியது, அதனால் தீங்கு விளையும் வாய்ப்பு எவ்வளவு உடனடியானது. கூட்டத்தைத் திரட்டி ஒலிபெருக்கியில் பேசும் செல்வாக்குள்ளவர் இந்த ஆறிலும் அகப்படுவார். ஆடையில் சக்கரம் அணிந்த பெண் ஒன்றிலும் அகப்படமாட்டார். இந்த ஆறையும் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதிவைத்தால் சிறுபான்மையினருக்கான பாதுகாப்பு கூடும், குறையாது.

அவதூறு பேசினால் சிறைக்குப் போகவேண்டுமா?

இல்லை. தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த குற்றவியல் அவதூறுப் பிரிவுகளைப் பாராளுமன்றம் 2002 யூனில் ஏகமனதாக நீக்கியது. பத்திரிகையாளர்களும் பதிப்பாசிரியர்களும் 1998இல் வெளியிட்ட கொழும்புப் பிரகடனத்திலிருந்து நான்கு ஆண்டுகள் விடாது வாதாடியதன் பயன் அது. இந்தியாவில் குற்றவியல் அவதூறு அரசியலமைப்புக்கு உடன்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்ததை எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு விடயத்தில் இலங்கை முன்னால் நிற்கிறது. மதம் தொடர்பான பிரிவுகளைத் திருத்த முடியாது என்று சொல்பவர்களுக்கு முதலில் எடுத்துக்காட்டவேண்டியது இதுவே.

ஆயினும் அவதூறு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோரும் குடியியல் வழக்காகத் தொடர்கிறது. உரோமன்-டச்சுச் சட்டத்தின் வழிவந்த இவ்வழக்கில், சொன்னது உண்மை என்று நிறுவினால் மட்டும் போதாது. அதைச் சொன்னதில் பொதுநன்மை இருந்ததையும் காட்டவேண்டும். நியாயமான கருத்துரை, சிறப்புரிமையுள்ள சந்தர்ப்பம் என்பனவும் எதிர்வாதங்களாகும். வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரவேண்டும்.

வீட்டுத்திட்டப் பயனாளிப் பட்டியலில் முறைகேடு நடந்ததாக எழுதினேன். பல மில்லியன் ரூபா கேட்டுக் கோரிக்கைக் கடிதம் வந்துள்ளது. என்ன செய்வது?

அச்சப்பட்டு உடனடியாகப் பதிவை அழிக்காதீர்கள். கடிதத்தைப் புறக்கணிக்கவும் செய்யாதீர்கள். அக்கடிதம் ஒருவரின் கோரிக்கை மட்டுமே, நீதிமன்றத் தீர்ப்பன்று. அதில் உள்ள தொகை அனுப்பியவர் விரும்பி எழுதியது. குறித்த காலத்துக்குள் சட்டத்தரணி மூலம் பதில் அனுப்புங்கள். கட்டணம் செலுத்த முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். எழுதியதற்கு ஆதாரமான ஆவணங்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திடமிருந்து கேட்டுப் பெறலாம். எழுதியதில் ஏதேனும் உண்மையில் பிழையாக இருந்தால், அந்தப் பகுதியை மட்டும் அதே இடத்தில் தெளிவாகத் திருத்திவிடுங்கள்.

இத்தகைய கடிதங்களின் நோக்கம் பல சமயங்களில் வழக்கை வெல்வதன்று, எழுதுபவரின் பேனாவை நிறுத்துவதே. வீட்டுத்திட்டம், மணல் அகழ்வு, காணி அனுமதிப்பத்திரம் பற்றி எழுதும் ஊர் இளைஞர் ஒருவருக்கு வழக்கின் முதல் ஆண்டுச் செலவே தண்டனையாகிவிடும். எனவே அரச நிறுவனங்கள் அவதூறு வழக்குத் தொடர முடியாது என்பதும், பொதுநலன் பற்றிய விடயத்தில் நியாயமான கவனத்துடன் விசாரித்து எழுதியவருக்குச் சிறு பிழை நேர்ந்தாலும் பாதுகாப்பு உண்டு என்பதும், வாயடைக்கத் தொடரப்படும் வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யலாம் என்பதும் சட்டமாக எழுதப்படவேண்டும். அதேவேளை, வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிப் பொய் பரப்புபவருக்கு எதிராக விரைவான, செலவு குறைந்த தீர்வும் தேவை. இன்று அவளும் அதே மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டியவளாகவே இருக்கிறாள்; அவளுக்கு முதலில் வேண்டியது பணமன்று, பொய் என்று பகிரங்கமாக அறிவிக்கும் ஒரு கட்டளை.

உரிமை மீறப்பட்டால் வன்னியிலிருந்து எங்கே முறையிடுவது?

அரச அதிகாரியால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்யவேண்டும். அந்த நீதிமன்றம் கொழும்பில் மட்டுமே இருக்கிறது. வவுனியாவிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீற்றர். மகன் விளக்கமறியலில் இருக்கும்போது, சட்டத்தரணியைத் தேடி, ஆவணங்களை மொழிபெயர்த்து, ஒரு மாதத்துக்குள் கொழும்பை அடைவது புதுக்குடியிருப்பில் கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு எளிதானதல்ல. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேர்க்கப்படாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது.

அரசியலமைப்புச் சீர்திருத்தத்தில் வன்னி மக்கள் வற்புறுத்தவேண்டிய விடயம் இது. 13ஆம் திருத்தம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கும் அதிகாரத்தைக் குறித்த அளவில் கொடுத்தது. அதே வழியில் அடிப்படை உரிமை மனுக்களையும் அந்நீதிமன்றங்கள் ஏற்கலாம், காலவரையறையை நீட்டலாம். பேச்சுரிமையைப் பற்றி எவ்வளவு அழகான உறுப்புரை எழுதினாலும், அதைக் காக்கும் நீதிமன்றம் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால் அது வன்னிக்கு உரிமையாகாது.

பதிவொன்றைப் பற்றி விசாரிக்கப் பொலிஸார் அழைத்தால்?

எந்த முறைப்பாடு, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். இயன்றால் அழைப்பை எழுத்தில் பெறுங்கள். சட்டத்தரணியுடன் செல்லுங்கள். வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழி என்பதால், வாக்குமூலத்தைத் தமிழில் பதியுமாறு கோருங்கள். வாசித்து விளங்காத எதிலும் கையொப்பமிடாதீர்கள். கைதானால், சாதாரண குற்றவியல் நடைமுறையின்படி 24 மணித்தியாலத்துக்குள் நீதவான்முன் நிறுத்தப்படவேண்டும். பதிவின் முழு வாசகத்தையும், திகதியையும், அதன் கீழ் மற்றவர்கள் எழுதியவற்றையும் படமெடுத்து இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். வெட்டியெடுத்த ஒரு வரியை வைத்தே பெரும்பாலான முறைப்பாடுகள் எழுதப்படுகின்றன.

திருத்தங்கள் பற்றிச் சாதாரண மக்கள் எங்கே கருத்துச் சொல்லலாம்?

2016இல் அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்கான மக்கள் கருத்தறியும் குழு மாவட்டந்தோறும் அமர்வுகளை நடத்தி, எழுத்திலும் வாய்மொழியிலும் கருத்துகளைப் பெற்றது. அத்தகைய குழு மீண்டும் வரும்போது, கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் சேர்ந்து கையொப்பமிட்ட ஒரே மனுவாக இக்கோரிக்கைகள் சென்றால், ஒரு மதத்தின் முறையீடு என்று அதை ஒதுக்கிவைப்பது கடினமாகும். இடைக்காலத்தில் வர்த்தமானியில் வெளியாகும் சட்டமூலங்களைத் தமிழில் வாசித்துத் தம் சங்கத்துக்கு விளக்கும் பொறுப்பை ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் ஓரிருவர் ஏற்றுக்கொள்வது பயனுள்ளது. சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளிலிருந்து அதை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க இருப்பது குறுகிய காலம்தான். மனுவின் வரைவும் செல்லவேண்டிய சட்டத்தரணியும் அதற்கு முன்பே ஆயத்தமாக இருக்கவேண்டும்.